இரண்டு சிறு விமான நிலையங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம்: நீங்களே கணக்குப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டு விமான நிலையங்களின் பெயரை இணையத்தில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி, இத்தனை நிமிடம். இதில் தூரத்தைப் பெரும்பாலும் நம்பலாம். நேரத்தை அப்படி நம்ப முடியாது. தூரம் காட்டும் தளங்கள் பலவும் எல்லா ஊர்களுக்கும் ஒரே சூத்திரத்தைத்தான் போடுகின்றன. தூரத்தை மணிக்கு 500 மைல், அதாவது சுமார் 805 கி.மீ. வேகத்தால் வகுப்பார்கள், மேலேறவும் கீழிறங்கவும் என்று ஓர் அரைமணி நேரத்தைக் கூட்டுவார்கள். அவ்வளவுதான். எந்த வகை விமானம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே விமானமே ஓடுகிறதா என்பதெல்லாம் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

எட்டு மணி நேரப் பயணத்தில் 20 நிமிடம் முன்னே பின்னே ஆனால் யாரும் கவலைப்படப் போவதில்லை. 300 கி.மீ. தள்ளியிருக்கும் ஒரு சிறு நிலையத்துக்குப் போகும்போது அதே 20 நிமிடம் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதனால் பிராந்திய விமானங்களுக்குத்தான் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடத் தெரிந்திருக்க வேண்டும். கடினமான கணக்கு ஒன்றும் இல்லை. ஃபோனில் இருக்கும் கால்குலேட்டர் போதும், கொசைன் பொத்தான் உள்ளதாக இருந்தால்.

உதாரணத்துக்கு நார்வே நாட்டின் மேற்குக் கரையில் உள்ள பெர்கனையும், வடகோடியில் உள்ள ட்ரோம்ஸோவையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் தலைநகர் நிலையங்கள் அல்ல. வடதுருவத்தை நெருங்கிய பகுதி என்பதால், கணக்கில் எங்கெல்லாம் தப்பு வரும் என்பதை இந்த ஜோடி அப்பட்டமாகக் காட்டிவிடும்.

படி 1: எந்த நிலையம் என்று உறுதிசெய்யுங்கள்

அற்பமான விஷயம் மாதிரி தெரியும். ஆனால் ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தால் முதல் அடியிலேயே வழி தவறிவிடும். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சிட்னியைத் தவிர கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் ஒரு சிட்னி இருக்கிறது. முதலாவதின் குறியீடு எஸ்ஒய்டி, இரண்டாவதின் குறியீடு ஒய்க்யூஒய். ஆஸ்திரேலியாவுக்குப் போவதாக நினைத்துக் கனடாவில் போய் இறங்கியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை செய்தியில் வந்திருக்கிறார்கள். பர்மிங்காம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு. மான்செஸ்டர், போர்ட்லாண்ட், சான் ஹோசே எல்லாம் இதே கதைதான்.

ஆகவே மூன்றெழுத்துக் குறியீட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டிலும் பெட்டியில் ஒட்டும் சீட்டிலும் இருப்பது இதுதான். விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டா தருவது. பெர்கனுக்கு பிஜிஓ, ட்ரோம்ஸோவுக்கு டிஓஎஸ். பைலட்டுகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகேயோ தரும் நாலெழுத்துக் குறியீடு. அதில் ஒரு வசதி உண்டு: முதல் எழுத்துகளே எந்தப் பகுதி என்று சொல்லிவிடும். நார்வே நிலையங்கள் எல்லாம் இஎன் என்றுதான் தொடங்கும். பெர்கன் இஎன்பிஆர், ட்ரோம்ஸோ இஎன்டிசி. ஒரே நகரத்துக்கு இரண்டு மூன்று நிலையங்கள் இருந்தாலும் இந்தக் குறியீடு குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

படி 2: அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

ஒவ்வொரு நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு புள்ளி உண்டு. அது பெரும்பாலும் ஓடுபாதைகளின் நடுவை ஒட்டி இருக்கும். நகரத்தின் நடுவிலோ டெர்மினல் வாசலிலோ இருக்காது. தூரம் எல்லாம் இந்தப் புள்ளியிலிருந்து இந்தப் புள்ளிக்குத்தான். ஒவ்வொரு நாடும் வெளியிடும் விமானத் தகவல் ஏட்டில் இது இருக்கும். விக்கிப்பீடியாவில் நிலையத்தின் பக்கத்திலும் கிடைக்கும்.

பெர்கனுக்கு வடக்கு 60 பாகை 17 நிமிடம் 36 விநாடி, கிழக்கு 5 பாகை 13 நிமிடம் 5 விநாடி. இந்த வடிவத்தில் கணக்குப் போட முடியாது, தசமமாக்க வேண்டும். நிமிடத்தை 60ஆலும் விநாடியை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்டுங்கள். 60 + 0.2833 + 0.0100 = 60.293. இதேபோல் செய்தால் பெர்கனின் தீர்க்கரேகை 5.218. ட்ரோம்ஸோவுக்கு 69.683, 18.919.

தெற்கு அட்சமும் மேற்குத் தீர்க்கமும் எதிர்மறை எண்கள். பூமத்திய ரேகையையோ கிரீன்விச் கோட்டையோ தாண்டும் ஜோடிகளில் இந்தக் கழித்தல் குறியை மறந்துவிட்டால் விடை எங்கோ போய்விடும்.

படி 3: நேர்க்கோட்டுத் தூரம்

பூமி உருண்டை. இரண்டு இடங்களுக்கு நடுவே உருண்டையின் மேற்பரப்பில் உள்ள மிகக் குறுகிய பாதை ஒரு பெருவட்டத்தின் துண்டு. தளங்கள் சொல்லும் தூரம் இதுதான். கால தாமதத்துக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி இழப்பீட்டை 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று எல்லை பிரித்துக் கணக்கிடுகிறதே, அதற்கும் இந்தப் பெருவட்டத் தூரமே அளவுகோல். விமானம் உண்மையில் எவ்வளவு சுற்றிப் போனது என்பதை அந்த விதி பார்ப்பதில்லை.

பெருவட்டத் தூரத்துக்குச் சரியான சூத்திரம் ஹாவர்சைன். ஆனால் 1,500 கி.மீ.க்கு உட்பட்ட பிராந்தியப் பயணங்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பள்ளிக்கூடத்துப் பிதாகரஸே போதும், ஒரே ஒரு திருத்தத்தோடு.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது எங்கே போனாலும் ஏறத்தாழ 111.2 கி.மீ. தீர்க்கரேகையில் அப்படி இல்லை. அந்தக் கோடுகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையில் 111 கி.மீ. இருக்கும் ஒரு பாகை, 60ஆம் அட்சத்தில் பாதியாகிவிடும். எவ்வளவு சுருங்கும் என்பதை அட்சத்தின் கொசைன் சொல்லும்.

சரி, போட்டுப் பார்ப்போம். அட்ச வித்தியாசம் 69.683 − 60.293 = 9.39 பாகை. அதை 111.2ஆல் பெருக்கினால் வடக்கு நோக்கி 1,044 கி.மீ. தீர்க்க வித்தியாசம் 18.919 − 5.218 = 13.70 பாகை. இரண்டு அட்சங்களின் சராசரி 64.99, அதன் கொசைன் 0.4228. ஆக 13.70 × 111.2 × 0.4228 = 644 கி.மீ. கிழக்கு நோக்கி. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,227 கி.மீ.

ஹாவர்சைன் சூத்திரத்தில் பூமியின் சராசரி ஆரமான 6,371 கி.மீ.யைப் போட்டால் கிடைப்பது 1,220.5. நம் குறுக்குவழி தவறியது 6 கி.மீ. விமானத்துக்கு அது அரை நிமிடம்கூட இல்லை. கொசைன் திருத்தத்தைப் போடாமல் விட்டிருந்தால்? 1,847 கி.மீ. என்று வந்திருக்கும், பாதிக்குப் பாதி பிசகு. வெப்பமண்டல நாடுகளில் இந்தத் திருத்தத்தை மறந்தாலும் விடை ஓரளவு ஒட்டி வரும், அதனால் தப்பு கண்ணில் படாது. வடக்கே போகும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். நாம் திரையில் பார்க்கும் வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் வகை. 65ஆம் அட்சத்தில் அவை எல்லாவற்றையும் 2.4 மடங்கு பெரிதாகக் காட்டும். கூகுள் எர்த்தில் உள்ள அளவுகோல் உருண்டையை வைத்தே அளக்கிறது, அதை நம்பலாம். கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு குறியீடுகளையும் நடுவே ஒரு கோடு போட்டுக் கொடுத்தாலும் போதும். 1,500 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்துக்கும், 180ஆம் தீர்க்கத்தைத் தாண்டும் பாதைக்கும் அதுவே நல்லது.

அப்புறம் அலகு. விமானத் துறையில் தூரம் கடல் மைலில்; ஒரு கடல் மைல் சரியாக 1.852 கி.மீ. வேகம் நாட் என்பதில். ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். சாலை மைல் வேறு, அது 1.609 கி.மீ. நம் 1,220 கி.மீ. என்பது 659 கடல் மைல், அதுவே 758 சாலை மைல். ஒரு தளம் வெறுமனே மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்துவிடுங்கள். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம் இருக்கிறது.

படி 4: பறக்கும் பாதை நேர்க்கோடு இல்லை

ஓடுபாதைக்கு ஒரு திசை இருக்கிறது. அதன் ஓரத்தில் எழுதியிருக்கும் எண் அந்தத் திசைதான்: 17 என்றால் காந்தத் திசையில் சுமார் 170 பாகை, ஏறத்தாழ தெற்கு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் மேலேறும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். நீங்கள் போக வேண்டியது வடக்கே, ஆனால் காற்று தெற்கிலிருந்து வீசுகிறது என்றால், விமானம் தெற்கு நோக்கி ஏறி, வட்டம் அடித்துத் திரும்பித்தான் தன் வழிக்கு வரும். போய்ச் சேரும் இடத்திலும் இதே சங்கதி. நடுவில் குறிக்கப்பட்ட வான்வழிகள், ராணுவம் மூடிவைத்த வான்பகுதி, இடிமேகம், முன்னால் போகும் விமானத்துக்கு விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேரும்.

இதற்கு எவ்வளவு கூட்டுவது? ஐகேயோ தன் கரியமிலக் கணக்கீட்டில் ஒரு எளிய விதியை வைத்திருக்கிறது: பெருவட்டத் தூரம் 550 கி.மீ.க்குக் குறைவாக இருந்தால் 50 கி.மீ. கூட்டு, 550 முதல் 5,500 வரை என்றால் 100 கி.மீ. கூட்டு. எரிபொருள் கணக்குக்காகப் போட்ட விதிதான், ஆனாலும் நேரக் கணக்குக்கும் நன்றாகவே ஒத்துவருகிறது. நான் இதையே பயன்படுத்துகிறேன்.

குறுகிய தூரத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கவனியுங்கள். 1,220 கி.மீ.யில் 100 என்பது 8 சதவீதம். 200 கி.மீ. பயணத்தில் 50 என்பது 25 சதவீதம்.

படி 5: எந்த விமானம், என்ன வேகம்

விமானத்தின் வகை முன்பதிவுப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். பிராந்திய வழித்தடங்களில் நீங்கள் பார்க்கக்கூடியவை சில வகைகளே. விசிறி சுழலும் ஏடிஆர் 72 மணிக்குச் சுமார் 500 கி.மீ. அதே மாதிரி தோற்றம் கொண்ட டேஷ் 8 க்யூ400 சற்று வேகம் கூடியது, 650ஐத் தொடும். எம்ப்ராயர் 175, 190, ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்ற ஜெட்கள் எல்லாம் 830ஐ ஒட்டி. தீவுகளுக்குப் போகும் ட்வின் ஆட்டர் 280, பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர் 240.

ஜெட்டுக்கு ஏன் 830? ஏ320 போன்றவை ஒலியின் வேகத்தில் 0.78 பங்கில் பறக்கும். 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை சராசரியாக மைனஸ் 56 பாகை. அந்தக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதில் 0.78 பங்கு என்றால் சுமார் 827. தரையில் ஒலியின் வேகம் 1,225 என்று பள்ளியில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் 955 வரும். அந்த வேகத்தில் இந்த விமானங்கள் பறப்பதில்லை.

படி 6: தூரத்தைச் சேராத நிமிடங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியில் முக்கியமான படி இதுதான். பிராந்தியப் பயணத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது தூரமோ வேகமோ மட்டும் அல்ல. தூரம் கூடினாலும் குறைந்தாலும் அசையாமல் நிற்கும் சில நிமிடங்களும்தான்.

முதலில் ஏற்றமும் இறக்கமும். விமானம் தன் முழு வேகத்தில் பறப்பது நடுப்பகுதியில் மட்டும். பல நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. இறக்கத்துக்கு பைலட்டுகள் மனக்கணக்காக ஒன்று வைத்திருப்பார்கள்: ஒவ்வொரு 1,000 அடிக்கும் 3 கடல் மைல். 35,000 அடியில் போகும் ஜெட், இறங்க வேண்டிய இடத்துக்கு 105 கடல் மைல் முன்பே, அதாவது 195 கி.மீ. தள்ளியே மூக்கைத் தாழ்த்த ஆரம்பித்துவிடும். ஏறுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு தூரம் வேண்டும். 300 கி.மீ. பயணத்தில் இது நடக்கிற காரியமா? அந்த உயரத்துக்குப் போகவே இடமில்லை. அதனால் ஜெட் தாழ்வாக, மெதுவாகப் பறந்துவிட்டு இறங்கிவிடும். ஏடிஆர் 17,000, 18,000 அடியோடு நின்றுவிடுவதால் அதன் இழப்பு குறைவு. தோராயமாக, ஏற்ற இறக்கத்தால் வீணாகும் நேரம் ஜெட்டுக்கு 12 நிமிடம், ஏடிஆருக்கு 8 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பொருந்திவரும்.

அடுத்தது தரையில் நகரும் நேரம். சிறு நிலையம் என்றால் கிளம்பும்போது 7, 8 நிமிடம், இறங்கியபின் 4, 5 நிமிடம். பெரிய நிலையத்தில் வரிசையில் நின்றால் 20 நிமிடமும் ஆகும். ஜோடியில் ஒரு முனை பெரிய நிலையமாக இருந்தால் அந்த முனைக்கு மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது 300 கி.மீ. பயணத்தை இரண்டு விமானத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். பறக்கும் தூரம் 350. ஏடிஆருக்கு 350 ÷ 500 = 42 நிமிடம்; 8 கூட்டு, தரைக்கு 12 கூட்டு; மொத்தம் 62 நிமிடம். ஜெட்டுக்கு 350 ÷ 830 = 25 நிமிடம்; 12 கூட்டு, தரைக்கு 12 கூட்டு; மொத்தம் 49 நிமிடம். வேகத்தில் ஜெட் 66 சதவீதம் கூடுதல், மிச்சம் பிடித்ததோ 13 நிமிடம். சிறு வழித்தடங்களில் விமான நிறுவனங்கள் விசிறி விமானத்தை விடாமல் வைத்திருப்பதற்கு எரிபொருள் சிக்கனம் ஒரு காரணம் என்றால், இந்தப் 13 நிமிடத்துக்காகப் பயணி கூடுதலாகப் பணம் தரமாட்டார் என்பது இன்னொன்று.

அதே சூத்திரத்தை பெர்கன்–ட்ரோம்ஸோவுக்குப் போடுவோம். 1,220 + 100 = 1,320. ஜெட்டில் 1,320 ÷ 830 = 95 நிமிடம். ஏற்ற இறக்கத்துக்கு 12, தரைக்கு 12. மொத்தம் ஏறத்தாழ 2 மணி நேரம். தளங்களின் சூத்திரமும் இங்கே 2 மணி 1 நிமிடம் என்கிறது. ஜெட் ஓடும் நடுத்தர தூரத்துக்கு அந்தச் சூத்திரம் பொருந்தவே செய்யும். அதற்காகத்தானே அதைச் செதுக்கினார்கள். ஏடிஆரைக் கொண்டுவந்தால் கதை வேறு: 158 + 8 + 12, மூன்று மணியை நெருங்கிவிடும்.

மறுகோடிக்கும் ஒரு உதாரணம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு லோகன்ஏர் ஐலாண்டர் விமானம் ஓட்டுகிறது. 1967 முதல் ஓடும் சேவை. தூரம் 2.7 கி.மீ.; உலகிலேயே மிகக் குறுகிய அட்டவணைப் பயணம். நேரம் இரண்டு நிமிடத்துக்குள். காற்று சாதகமாக இருந்த ஒரு முறை 53 விநாடியில் முடிந்திருக்கிறது. தளத்தின் சூத்திரத்தில் போட்டால் அரைமணி நேரம் என்று வரும்! அங்கே விமானம் உயரே ஏறவும் இல்லை, தரையில் வரிசையில் நிற்கவும் இல்லை. நம் 50 கி.மீ. கூட்டலும் இந்த மாதிரி தீவுத் தாவல்களுக்குச் செல்லாது.

படி 7: காற்று

இதுவரை போட்ட வேகம் எல்லாம் காற்றைச் சார்ந்த வேகம். தரையைச் சார்ந்த வேகம்தான் நம்மைக் கொண்டுசேர்க்கும். ஓடும் ஆற்றில் படகு விடுவது மாதிரிதான். சுற்றியுள்ள காற்று நகர்ந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும்.

நடு அட்சங்களில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் வலுவாக இருக்கும். 100 நாட் வேகத்தைத் தாண்டுவது சாதாரணம். கிழக்கே போகும் விமானத்துக்குத் தள்ளு, மேற்கே போவதற்கு எதிர்ப்பு. ஏடிஆர் பறக்கும் தாழ்ந்த உயரத்தில் காற்று பொதுவாகக் குறைவு, ஆனால் விமானமும் மெதுவானது என்பதால் சதவீதக் கணக்கில் அடி விழுந்துவிடும்.

உங்கள் திசையும் காற்றின் திசையும் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டுக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைனால் காற்றின் வேகத்தைப் பெருக்குங்கள். பெர்கனிலிருந்து கிளம்பும் திசை வடக்கிலிருந்து கிழக்காகச் சுமார் 26 பாகை. மேற்குக் காற்று போகும் திசை 90 பாகை. வித்தியாசம் 64; கொசைன் 0.44. மணிக்கு 100 கி.மீ. காற்றில் விமானத்துக்குக் கிடைக்கும் தள்ளு 44 கி.மீ. போகும்போது 95 நிமிடம் 91 ஆகும், திரும்பும்போது 101 ஆகும்.

போகும்போது கிடைத்தது வரும்போது போய்விடும், கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. 1,000 கி.மீ.யை மணிக்கு 500 வேகத்தில் போய்வர நாலு மணி நேரம். 100 கி.மீ. காற்று நேராக அடித்தால் போக 1 மணி 40 நிமிடம், வர 2 மணி 30 நிமிடம். மொத்தம் 4 மணி 10 நிமிடம். எதிர்க்காற்றில் மாட்டியிருக்கும் நேரம் நீளம் என்பதால் போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் நஷ்டக் கணக்குதான்.

படி 8: டிக்கெட்டில் இருக்கும் நேரம்

டிக்கெட்டில் உள்ள நேரம் சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பதில் முடியும். இதற்கு பிளாக் டைம் என்று பெயர். ஐகேயோவின் விளக்கப்படி பைலட்டின் பதிவேட்டில் ஏறும் பறந்த நேரமும் இதுவே. டேக்-ஆஃபுக்கு முன் தரையில் ஊர்ந்ததும் அதில் சேரும். நாம் படி 6இல் தரை நிமிடங்களைக் கூட்டியது அதனால்தான். வானத்தில் இருந்த நேரம் மட்டும் வேண்டுமென்றால் அதைக் கழித்துவிடுங்கள்.

இதற்கு மேல் நிறுவனங்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் அட்டவணை போடுகின்றன. குறித்த நேரத்துக்கு மேல் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் தாமதம் இல்லை என்பது துறையில் பரவலாக உள்ள அளவுகோல். அதற்குள் வந்துவிட வேண்டும் என்று அட்டவணையையே சற்றுத் தாராளமாக நீட்டிவைப்பார்கள். விமானம் முன்கூட்டியே வந்துவிட்டது என்று பைலட் பெருமையாக அறிவிப்பதில் பாதி இந்தத் தாராளம்தான்.

அடுத்தது நேர மண்டலம். கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரம், சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரம். இரண்டையும் கழித்துப் பயண நேரம் என்று எடுத்துக்கொள்வதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் உலக நேரத்துக்கு (யூடிசி) 10 மணி முன்னே, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஒன்பதரை மணி முன்னே. நடுவில் சுமார் 1,455 கி.மீ. இரண்டு திசையிலும் இரண்டரை மணி நேரம் என்று வைத்தால், அட்டவணையில் போவது இரண்டு மணி, திரும்புவது மூன்று மணி என்று தெரியும். அங்கே காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு நேரங்களையும் முதலில் உலக நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் இந்தக் குழப்பம் வராது.

கோடைக்காலத்தில் கடிகாரத்தை முன்னே தள்ளும் ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட் நிலையத்தில் ஓடுபாதையின் குறுக்கே இரண்டு மாநிலங்களின் எல்லை போகிறது. ஒரு மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றும், மற்றது மாற்றாது. நிலையம் வருடம் முழுவதும் குயின்ஸ்லாந்து நேரத்தில்தான் இயங்குகிறது; எல்லைக்கு அந்தப் பக்கம் தங்கியிருப்பவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சமோவாவின் ஏபியாவிலிருந்து அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்கு 150 கி.மீ. மட்டுமே. ஆனால் நடுவே தேதிக் கோடு. சமோவா 2011 டிசம்பர் 30ஐத் தன் நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டு அந்தப் பக்கம் தாவியது. இப்போது இரண்டுக்கும் சரியாக 24 மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், ஆனால் முந்தைய நாளில் போய் இறங்குவீர்கள். அங்கே விடுதி பதிவு செய்யும்போது தேதியை இரண்டு தடவை பார்த்துவிடுங்கள்.

படி 9: நேரடி விமானம் இருக்கிறதா

தூரம் காட்டும் தளம் இதைச் சொல்லாது. இரண்டு சிறு நிலையங்களுக்கு நடுவே நேராக விமானம் இல்லாமல் இருப்பதே வழக்கம். நடுவில் ஒரு பெரிய நிலையத்தில் மாற வேண்டியிருக்கும். அப்போது படி 6இல் பார்த்த அசையாத நிமிடங்களை இரண்டு தடவை செலுத்துகிறீர்கள். 600 கி.மீ. நேரே ஏடிஆரில் போனால் 700 ÷ 500 = 84 நிமிடம், அதோடு 20; ஆக 1 மணி 44 நிமிடம். அதையே 300, 300 என்று இரண்டாகப் பிரித்தால் 62 + 62, நடுவில் மாறுவதற்கு 45 நிமிடம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். 2 மணி 49 நிமிடம். மாறும் ஊர் நேர்வழியில் இல்லாமல் ஓரமாக இருந்தால் தூரமும் ஏறும்.

முன்பதிவுப் பக்கத்தில் டைரக்ட் என்று இருந்தால் நிற்காமல் போகும் என்று அர்த்தம் இல்லை. ஒரே விமான எண்ணில், நடுவில் இறங்கி ஏறிப் போவதற்கும் அந்தப் பெயர்தான். ஹொனலுலுவிலிருந்து குவாமுக்குப் போகும் யுனைடெட் நிறுவனத்தின் தீவுத் தாவல் சேவை மஜுரோ, குவாஜலைன், கோஸ்ரே, போன்பே, சூக் என்று இறங்கி இறங்கிப் போவது பிரசித்தம். நான்-ஸ்டாப் என்று இருக்கிறதா, நிறுத்தங்கள் பூஜ்யமா என்று பாருங்கள்.

படி 10: சரிபார்க்கும் முறை

உங்கள் கணக்கு முடிந்ததும் அந்த வழித்தடத்தின் விமான எண்ணை ஃபிளைட்ராடார்24 அல்லது ஃபிளைட்அவேர் தளத்தில் போட்டுக் கடந்த சில நாட்களின் பதிவைப் பாருங்கள். அதில் அட்டவணை நேரமும் உண்மையில் பறந்த நேரமும் தனித்தனியாக இருக்கும். அங்கே பறந்த நேரம் என்று காட்டுவது பெரும்பாலும் சக்கரம் எழுந்ததிலிருந்து சக்கரம் தொட்டது வரை. உங்கள் விடையிலிருந்து தரை நிமிடங்களைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு நாளைப் பார்க்காதீர்கள், அன்றைக்குக் காற்று எப்படி இருந்ததோ. ஒரு வாரத்தை எடுத்து, மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ளதைக் கொள்ளுங்கள்.

உங்கள் விடை அதிலிருந்து 5 நிமிடத்துக்குள் இருந்தால் கணக்கு சரி. 10 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் முதலில் விமான வகையைப் பாருங்கள். ஜெட் என்று போட்டுவிட்டு அங்கே ஓடுவது ஏடிஆராக இருக்கும், பெரும்பாலும் காரணம் அதுதான். வகை சரி என்றால் வரைபடத்தில் பறந்த கோட்டைப் பாருங்கள், எங்கேயாவது சுற்றுகிறதா என்று. அதுவும் நேராக இருந்தால் போகும் பதிவையும் வரும் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று குறைந்து மற்றது கூடியிருந்தால் காற்று. இரண்டும் உங்கள் விடையைவிட ஒரே அளவுக்குக் குறைவாக இருந்தால் படி 3இல் தீர்க்கரேகைக்குக் கொசைன் போட்டீர்களா என்று திரும்பிப் பாருங்கள்.